பூட்டிக்கொண்ட செகண்ட் ஹேண்ட் ஐபோன்: திறக்கப் பணம் கொடுக்கலாமா?

வாசகி எழுதிய கடிதம்:

"தம்பி, நான் கும்பகோணம் பக்கம். வீட்டில் தையல் வேலை செய்கிறேன். மகள் இந்த வருஷம் காலேஜில் சேர்ந்திருக்கிறாள். சீட்டுப் பணம் எடுத்து அவளுக்கு ஒரு பழைய ஐபோன் 12 வாங்கினேன். 21,500 ரூபாய். ஃபேஸ்புக்கில் விளம்பரம் பார்த்து, திருச்சி பஸ் ஸ்டாண்டில் அந்தப் பையனைச் சந்தித்தோம். முன்பணம் 5,000 ஜிபேயில் அனுப்பியிருந்தேன், மீதியைக் கையில் கொடுத்தேன். போன் நன்றாகத்தான் வேலை செய்தது. 'ஸ்கிரீன் லாக் ஆறு சைபர். வீட்டுக்குப் போய் ரீசெட் பண்ணிக்குங்க' என்றான். ராத்திரி மகள் ரீசெட் செய்யப் போனால் வேறு ஏதோ ஆப்பிள் பாஸ்வேர்டு கேட்டது. அவனைக் கூப்பிட்டோம், எடுக்கவில்லை. மகளின் தோழி தன் லேப்டாப்பில் இணைத்து ரீசெட் செய்து கொடுத்தாள். அதிலிருந்து போன் உள்ளேயே போகவில்லை. 'கே' என்று ஆரம்பித்து, பிறகு புள்ளி புள்ளியாக ஒரு ஜிமெயில் முகவரி காட்டி, அதன் பாஸ்வேர்டைக் கேட்கிறது. இங்கே ஒரு கடையில் 4,500 கொடுத்தால் பூட்டை உடைத்துத் தருகிறேன் என்கிறார்கள். இன்னொருவர் இருக்கிற நிலையிலேயே 6,000க்கு எடுத்துக்கொள்கிறேன் என்கிறார். கொடுத்துவிடலாமா? போலீசுக்குப் போனால் திருட்டுப் போன் வாங்கினாய் என்று என்னையே பிடிப்பார்களா? ரீசெட் செய்ததால்தான் போன் கெட்டது என்று மகள் இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை."

பதில்:

அக்கா, முதலில் மகளைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்து இதைச் சொல்லுங்கள். போனை அவள் கெடுக்கவில்லை. டிஸ்ப்ளே, போர்டு, பேட்டரி எல்லாம் வாங்கிய அன்று இருந்தபடிதான் இருக்கும். அவள் ரீசெட் செய்தது சரியான காரியம். செய்யாமல் விட்டிருந்தால் முன்பின் தெரியாத ஒருவரின் கணக்கு உள்ளே இருக்கிற போனைத் தினமும் காலேஜுக்கு எடுத்துக்கொண்டு போயிருப்பாள். அந்தக் கணக்கின் பாஸ்வேர்டு கையில் இருப்பவர், அவள் எந்தத் தெருவில் நிற்கிறாள் என்பதை எங்கிருந்தோ உட்கார்ந்து வரைபடத்தில் பார்க்கலாம். அவள் எடுக்கிற படங்கள் அவருடைய ஐக்ளவுடில், அதாவது ஆப்பிளின் இணையச் சேமிப்பில், போய்ச் சேரலாம். நினைத்த நேரத்தில் போனை அவர் பூட்டலாம், உள்ளே இருப்பதை மொத்தமாக அழிக்கலாம். இது முதல் ராத்திரியே தெரிந்தது நல்லதாகப் போயிற்று. அதனால் அவளைச் சாப்பிடச் சொல்லுங்கள்.

சரி, இப்போது பூட்டைப் பற்றி. சென்னை ரிச்சி தெருவில் 16 வருஷமாக மேசை போட்டு செல்போன் சர்வீஸ் செய்கிறேன். வாரத்துக்கு இரண்டு பேராவது இதே போனும் இதே முகமுமாக வருகிறார்கள். எல்லோரும் முதலில் கேட்பது, "இதைச் சரி பண்ண எவ்வளவு ஆகும்?" இது சரி பண்ணுகிற விஷயமே இல்லை என்று புரிய வைக்கத்தான் எனக்கு நேரம் பிடிக்கும்.

இதன் பெயர் ஆக்டிவேஷன் லாக். 2013இல் ஐஓஎஸ் 7 வந்தபோது ஆப்பிள் கொண்டுவந்தது. திருடியவனுக்குப் போன் பயன்படக் கூடாது என்பதற்காகவே செய்த ஏற்பாடு. போனின் சொந்தக்காரர் தன் ஆப்பிள் கணக்கைப் போட்டு, தொலைந்த போனைத் தேட உதவும் 'ஃபைண்ட் மை' வசதியை ஆன் செய்தவுடன், இந்தப் போன் இன்னாருடையது என்று ஆப்பிளின் சர்வரில் பதிவாகிவிடும். அதற்குப் பிறகு எத்தனை முறை அழித்தாலும், முதல் முறை நெட்டில் இணைந்ததுமே போன் சர்வரைக் கேட்கும். சர்வர் அந்தப் பெயரைச் சொல்லும். ஆக, பூட்டு இருப்பது உங்கள் கையில் உள்ள போனில் இல்லை. அதைத் திறக்க என் மேசையில் ஒரு கருவியும் கிடையாது. எந்தக் கணக்கில் பூட்டியதோ, அந்தக் கணக்குக்காரர்தான் திறக்க வேண்டும். நீங்கள் தேட வேண்டியது மெக்கானிக்கை இல்லை, அந்த ஆளை.

அப்படியானால் 4,500 கேட்கிற கடைக்காரர் என்ன செய்யப் போகிறார்? பழைய மாடல்களில் ஒரு ஓட்டை இருந்தது உண்மை. 2019இல் வெளியே வந்த அந்த ஓட்டை ஐபோன் 4எஸ் முதல் ஐபோன் எக்ஸ் வரைக்கும் உண்டு. சிப்பிலேயே இருப்பதால் ஆப்பிளாலும் அடைக்க முடியவில்லை. அதை வைத்து உள்ளே நுழைவதைத்தான் பைபாஸ் என்கிறோம். உங்களுடையது ஐபோன் 12. அந்த ஓட்டை இதில் கிடையாது. புதிய மாடல்களுக்கும் அவ்வப்போது யாராவது ஏதாவது சந்து கண்டுபிடிப்பதுண்டு, அடுத்த அப்டேட்டில் அதை அடைத்தும் விடுவார்கள். அப்படித் திறந்த போன் என்னிடம் வந்திருக்கிறது. வைஃபையில் வீடியோ ஓடும், சிம் போட்டால் சிக்னல் வராது. ஒரு முறை அப்டேட் கொடுத்தாலோ ரீசெட் செய்தாலோ அதே கேள்வி திரும்ப வந்து நிற்கும். 4,500 கொடுத்து மூன்று வாரம் பயன்படுத்துவதற்குப் பெயர் திறப்பது இல்லை.

இன்னொரு வழியும் சிலர் செய்கிறார்கள். அதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். சொந்தக்காரரின் நம்பரை எப்படியாவது பிடித்து, "உங்கள் தொலைந்த ஐபோன் கிடைத்துவிட்டது, இந்த லிங்கில் பாருங்கள்" என்று ஆப்பிள் அனுப்பியது போல எஸ்எம்எஸ் விடுவார்கள். ஏற்கெனவே போனைப் பறிகொடுத்தவர் ஆசையோடு லிங்கைத் திறந்து பாஸ்வேர்டை அடிப்பார். அவ்வளவுதான், பாஸ்வேர்டு இவர்கள் கையில். உங்கள் 4,500 ரூபாயில் இன்னொரு வீட்டில் இது நடக்கலாம் என்பதால் சொல்கிறேன், கொடுக்காதீர்கள்.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது. ஜிபேயைத் திறந்து அந்த 5,000 போன இடத்தைப் பாருங்கள். வங்கிக் கணக்கில் உள்ள பெயர் அதில் வந்திருக்கும். போன் காட்டுகிற இமெயில் 'கே'யில் ஆரம்பிக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பெயரும் 'கே'யில் ஆரம்பிக்கிறதா? ஆரம்பித்தால் விற்றவரே சொந்தக்காரராக இருக்க வாய்ப்பு அதிகம். கணக்கை எடுக்க மறந்திருக்கலாம், எப்படி எடுப்பது என்று தெரியாமலும் இருக்கலாம். பணத்தைத் திருப்பிக் கேட்பீர்கள் என்று பயந்துதான் போனை எடுக்காமல் இருக்கிறார் என்றால் இந்த வேலை சுலபத்தில் முடிந்துவிடும். பெயர் ஒத்துப்போகவில்லை என்றால் போன் இரண்டு மூன்று கை மாறி வந்திருக்கலாம், அல்லது திருடு போனதாக இருக்கலாம். போன் திரையில் "இது தொலைந்த போன், இந்த நம்பருக்குக் கூப்பிடுங்கள்" என்று ஏதாவது வருகிறதா என்றும் பாருங்கள். வந்தால் யோசிக்காமல் அந்த நம்பருக்குப் பேசுங்கள்.

விற்றவருக்கு உங்கள் நம்பரிலிருந்து கூப்பிட வேண்டாம். வீட்டில் வேறு யாருடைய நம்பரிலாவது வாட்ஸ்அப்பில் இப்படி அனுப்பச் சொல்லுங்கள்: "தம்பி, பணம் திருப்பிக் கேட்கவில்லை. நீங்கள் கொடுத்த ஐபோன் உங்கள் கணக்கிலேயே இருக்கிறது. பாஸ்வேர்டு எங்களுக்கு வேண்டாம். ஐக்ளவுட் இணையதளத்தில் உள்ளே போய், ஃபைண்ட் மை திறந்து, இந்த ஐபோனைத் தேர்ந்தெடுத்து, கணக்கிலிருந்து நீக்கு என்பதை அழுத்தினால் போதும். இரண்டு நிமிஷ வேலை. நேரில் வரத் தேவையில்லை." கோபமாக ஒரு வார்த்தை கூட வேண்டாம். கோபப்பட உங்களுக்கு எல்லா நியாயமும் இருக்கிறது, ஆனால் இப்போது உங்களுக்கு வேண்டியது அந்த இரண்டு நிமிஷம்.

போன வருஷம் பல்லாவரத்திலிருந்து ஒருவர் இதே மாதிரி ஐபோன் 11 கொண்டுவந்தார். விற்றவர் ஷார்ஜாவுக்கு வேலைக்குப் போய்விட்டார். நாலு நாள் அழைத்தும் பதில் இல்லை. என் நம்பரிலிருந்து இந்தச் செய்தியை அனுப்பினேன். மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் அவரே கூப்பிட்டார். "அண்ணே, நான் ரீசெட் பண்ணா போதும்னு நினைச்சேன்" என்றார். வீடியோ காலில் ஒவ்வொரு படியாகச் சொன்னேன், நீக்கினார். இங்கே போனை அணைத்து ஆன் செய்தோம். பூட்டுப் படம் போய், பல மொழிகளில் வணக்கம் சொல்கிற அந்த வெள்ளைத் திரை வந்தது. வந்தவர் பேசவே இல்லை, போனைத் தன் வேட்டி நுனியால் துடைத்துக்கொண்டே இருந்தார். அதற்கு நான் பணம் வாங்கவில்லை. நான் திறக்கவில்லையே, அந்தத் தம்பிதான் திறந்தார்.

ஆப்பிளிடமே கேட்கலாமா என்றால் கேட்கலாம். ஆனால் அவர்கள் கேட்பது முதன்முதலில் கடையில் வாங்கிய ஒரிஜினல் பில். செகண்ட் ஹேண்டில் வாங்கியதற்கான சாட்டோ ஜிபே ரசீதோ அங்கே செல்லாது, பழைய சொந்தக்காரரைப் பாருங்கள் என்றுதான் சொல்வார்கள்.

மூன்று நாள் பார்த்தும் பதில் இல்லையென்றால் போலீசுக்குப் போங்கள். உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. சட்டத்தில் என்ன இருக்கிறது என்று சொல்கிறேன். நம் நாட்டின் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 317ஆவது பிரிவின்படி, திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ, நேர்மையில்லாமல் வாங்குவதும் வைத்திருப்பதும்தான் குற்றம். பஸ் ஸ்டாண்டில் நின்று காசு கொடுத்தபோது உங்களுக்கு எதுவும் தெரியாது. இன்றைக்குச் சந்தேகம் வந்துவிட்டது. சந்தேகம் வந்த பிறகு பேசாமல் பீரோவில் வைத்துக்கொள்வதும், தெரிந்தே இன்னொருவருக்குத் தள்ளிவிடுவதும்தான் பிற்பாடு உங்கள் பக்கம் திரும்பும். நீங்களே போய் எழுதிக் கொடுத்துவிட்டால் நீங்கள் ஏமாற்றப்பட்டவர், மனுதாரர். வெள்ளைத் தாளில் நடந்ததை அப்படியே எழுதுங்கள். விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், சாட், ஜிபே ரசீது, சந்தித்த தேதி, இடம் எல்லாவற்றையும் சேருங்கள். மனுவை வாங்கிக்கொண்டதற்கு சி.எஸ்.ஆர். ரசீது கேட்டு வாங்காமல் ஸ்டேஷனை விட்டு வராதீர்கள். அந்த ஒரு துண்டுச் சீட்டுதான் நாளைக்கு யார் எது கேட்டாலும் உங்களுக்குத் துணை. போனின் ஐஎம்இஐ எண்ணும், அதாவது ஒவ்வொரு போனுக்கும் தனியாக உள்ள 15 இலக்க அடையாள எண்ணும், மனுவில் இருக்க வேண்டும். போன் பூட்டிக் கிடந்தாலும் ஆரம்பத் திரையில் ஒரு சிறு வட்டத்துக்குள் 'ஐ' என்ற ஆங்கில எழுத்து தெரியும், அதைத் தொட்டால் எண் வரும்.

ஜிபேயில் போன 5,000க்கு 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு இன்றே கூப்பிட்டுச் சொல்லுங்கள். அந்தக் கணக்கில் பணம் இருக்கும்போதே தகவல் போனால்தான் நிறுத்தி வைக்க முடியும், நாள் ஆக ஆக வாய்ப்பு குறையும். கையில் கொடுத்த 16,500க்கு எனக்கும் சுலபமான வழி தெரியவில்லை. திருட்டுப் போன்தான் என்று ஆகிவிட்டால் போனும் உரியவரிடம் போய்விடும். இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை அக்கா, எத்தனை ரவிக்கை தைத்த காசு அது. இருந்தாலும் பொய்யாக நம்பிக்கை கொடுத்து உங்களை இன்னொரு 4,500க்கு அனுப்ப மாட்டேன்.

6,000க்கு எடுத்துக்கொள்கிறேன் என்கிறவருக்கும் கொடுக்காதீர்கள். அவர் அதைப் பிரித்து டிஸ்ப்ளே, கேமரா என்று பாகமாக விற்பார், அல்லது உங்களுக்கு நடந்ததையே இன்னொரு பஸ் ஸ்டாண்டில் நடத்துவார். பாகமாக விற்பதும் இப்போது முன்னைப் போல இல்லை. ஐஓஎஸ் 18இல் இருந்து, பூட்டிய போனிலிருந்து கழற்றிய பாகத்தையும் ஆப்பிள் கண்டுபிடித்துவிடுகிறது. ஐஎம்இஐயை மாற்றித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் அந்தக் கடைப் பக்கமே போகாதீர்கள். 2023ஆம் வருஷத்துத் தொலைத்தொடர்புச் சட்டத்தில் அதற்கு மூன்று வருஷம் வரை சிறையும் 50 லட்சம் ரூபாய் வரை அபராதமும் இருக்கிறது.

இந்தப் பதிலை மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால் இன்னொரு வகைப் பூட்டைப் பற்றியும் எழுத வேண்டும். என் மேசைக்கு இப்போது உங்களுடையது போல ஐக்ளவுட் பூட்டு விழுந்த போனைவிட அதிகமாக வருவது டியூ போன், அதாவது தவணை பாக்கி உள்ள போன்தான். ஒருவர் கடையில் முன்பணம் கட்டி, மீதிக்கு ஃபைனான்ஸ் போட்டு, புது ஆண்ட்ராய்டு போன் எடுப்பார். இரண்டு டியூ கட்டுவார். பணமுடை வந்ததும் பில், பெட்டி, சார்ஜர் எல்லாவற்றோடும் பாதி விலைக்கு விற்றுவிடுவார். வாங்குகிறவருக்கு எந்தச் சந்தேகமும் வராது. பில் ஒரிஜினல், பெட்டி ஒரிஜினல், விற்பவரின் பெயரும் பில்லில் இருக்கிறது. அவர் டியூ கட்டுவதை நிறுத்திய பிறகு ஒரு நாள் காலையில், போன் திரை முழுக்க "தவணை பாக்கி" என்று எழுதிக்கொண்டு நிற்கும். போனைக் கொடுக்கும்போதே கடையில் ஏற்றிய பூட்டு அது. ஃபிளாஷ் செய்தால், அதாவது மென்பொருளைப் புதிதாக ஏற்றினால், போய்விடும் என்று சிலர் சொல்வார்கள். பல போன்களில் நெட் கிடைத்த அடுத்த நிமிஷம் திரும்ப வந்து உட்கார்ந்துகொள்ளும்.

போன மாதம் ஒரு கேட்டரிங் பையன் வந்தான். 9,000 கொடுத்து வாங்கி நாலு மாதம் ஆன போன். ஆர்டர், கணக்கு, மாஸ்டர் நம்பர் எல்லாம் அதில்தான். பில்லை வாங்கிப் பார்த்தேன். கீழே சின்ன எழுத்தில் ஃபைனான்ஸ் கம்பெனி பெயர் அச்சடித்திருந்தது. அவன் வாங்கிய அன்று பார்த்திருந்தால் தெரிந்திருக்கும், யாரும் பார்ப்பதில்லை. பாக்கி 2,700தான் இருந்தது. விற்றவரையே கூட்டிக்கொண்டு ஃபைனான்ஸ் ஆபீசுக்குப் போய், அவர் கடன் கணக்கில் கட்டி, ரசீதும் பாக்கி இல்லை என்ற சான்றும் வாங்கச் சொன்னேன். கட்டிய பிறகு பூட்டு தானாகவே விலகிவிட்டது. பாக்கி சின்னதாக இருந்தால் இது ஒரு வழி. பெரியதாக இருந்தால், விற்றவர் ஏமாற்றினார் என்று அதே பாரதிய நியாய சன்ஹிதாவின் 318ஆவது பிரிவைச் சொல்லிப் புகார் கொடுப்பதுதான் வழி.

ஆண்ட்ராய்டில் ஆக்டிவேஷன் லாக் மாதிரியே ஒன்று இருக்கிறது. எஃப்ஆர்பி என்போம். 2015இல் ஆண்ட்ராய்டு 5.1உடன் வந்தது. பட்டன்களை அழுத்திப் பிடித்து ரீசெட் செய்தால் பழைய கூகுள் கணக்கைக் கேட்கும். அதைத் தாண்ட இணையத்தில் ஆயிரம் வீடியோ இருக்கிறது, ஆனால் ஆண்ட்ராய்டு 15இல் கூகுள் அதை நன்றாக இறுக்கிவிட்டது. அப்புறம் அமெரிக்காவிலிருந்து வரும் சில போன்கள் அந்த ஊர் நெட்வொர்க்குக்கு மட்டும் பூட்டியிருக்கும். நம் சிம் எடுக்க வேண்டும் என்று சிம் தட்டில் காகிதம் போல ஒரு சிப்பை வைத்து விற்பார்கள். தட்டை வெளியே இழுத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும். ஐபோனில் செட்டிங்ஸ், ஜெனரல், அபௌட் என்று போனால் கேரியர் லாக் என்று ஒரு வரி இருக்கும். அதில் 'நோ சிம் ரெஸ்ட்ரிக்‌ஷன்ஸ்' என்று இருக்க வேண்டும்.

அக்கா, நீங்கள் கேட்கவில்லை என்றாலும் அடுத்த முறைக்காக ஒன்று சொல்கிறேன். பழைய போன் வாங்கவே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். நல்ல போன்கள் நிறைய வருகின்றன, என் வீட்டில் என் அம்மா வைத்திருப்பதும் செகண்ட் ஹேண்ட்தான். விற்பவர் உங்கள் கண் முன்னால், உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து, போனை அழிக்க வேண்டும். அவ்வளவுதான். செட்டிங்ஸிலிருந்து அழிக்கப் போனால் ஐபோன் அவருடைய ஆப்பிள் பாஸ்வேர்டைக் கேட்கும். உங்கள் மகளிடம் கேட்டதே, அதே கேள்வி. சொந்தக்காரர் என்றால் அடிப்பார். "வீட்டுக்குப் போய்ப் பண்ணிக்குங்க" என்கிற வார்த்தை அந்த இடத்தில்தான் வரும். அது வந்தால் எழுந்து வந்துவிடுங்கள், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் சரி. அழித்து முடித்ததும் உங்கள் சிம்மைப் போட்டு, நெட்டில் இணைத்து, உங்கள் கணக்கைப் போட்டு, முகப்புத் திரை வரும் வரைக்கும் அங்கேயே உட்காருங்கள். பிறகு வீட்டுக்கு ஒரு போன் பேசுங்கள். கம்பெனிகள் தங்கள் ஊழியர்களுக்குக் கொடுக்கும் போனாக இருந்தால் அந்தக் கம்பெனியின் பெயரும் இந்த இடத்தில்தான் வெளியே வரும். இருபது நிமிஷம் ஆகும். பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு செய்கிற காரியம் இல்லை இது, வைஃபை இருக்கிற டீக்கடையிலோ தெரிந்தவர் கடையிலோ உட்கார்ந்துதான் செய்ய வேண்டும். பணம் அதற்குப் பிறகு. முன்பணம் கூடாது.

டியூ போனும் திருட்டுப் போனும் இந்தச் சோதனையில் சில சமயம் தப்பிவிடும், ஏனென்றால் அந்தப் பூட்டு பின்னால்தான் விழும். அதற்கு வேறு வழி. *#06# அடித்தால் போனின் ஐஎம்இஐ வரும். பெட்டியிலும் பில்லிலும் அதே எண்தானா என்று பாருங்கள். பிறகு எஸ்எம்எஸ்ஸில் கே, ஒய், எம் என்ற மூன்று ஆங்கில எழுத்துகள், ஒரு இடைவெளி, அந்த 15 இலக்க எண். இதை 14422க்கு அனுப்புங்கள். தொலைந்ததாகப் பதிவான போன், ஒரே எண்ணில் இரண்டு போன் என்று ஏதாவது இருந்தால் பதிலில் வந்துவிடும். மத்திய அரசின் சஞ்சார் சாத்தி திட்டத்தில் 2023 முதல் இது நாடு முழுக்க இருக்கிறது. பில்லில் ஃபைனான்ஸ் பெயர் இருந்தால் பாக்கி இல்லாச் சான்று கேளுங்கள். விற்பவரின் அடையாள அட்டையை ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். நேர்மையாக விற்கிறவர் இதற்கெல்லாம் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. கடையில் வாங்கினால் ஐஎம்இஐ எழுதிய பில் வாங்குங்கள். பிரச்சினை வந்தால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணுக்குக் கூப்பிடலாம், மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். 5 லட்சம் வரைக்கும் அங்கே கட்டணம் கிடையாது. தனி ஆளிடம் வாங்கினால் அந்தக் கதவு பெரும்பாலும் திறக்காது.

மகளுக்கு இப்போதைக்கு வகுப்பு வாட்ஸ்அப்புக்கு ஏதாவது வேண்டுமே. வீட்டில் பழைய ஆண்ட்ராய்டு ஒன்று டிஸ்ப்ளே உடைந்து பெட்டிக்குள் கிடக்கிறதா என்று பாருங்கள். பல வீடுகளில் கிடக்கும். அதை மாற்ற 4,500 ஆகாது.

ஐபோனை இரண்டு நாளைக்கு ஒரு முறை சார்ஜ் போட்டு வையுங்கள், சும்மா போட்டு வைத்து பேட்டரியைச் சாகவிட வேண்டாம். அந்தத் தம்பி பதில் போட்டு, நீக்கிவிட்டேன் என்று சொன்னால், போனை அணைத்து ஒரு நிமிஷம் கழித்து ஆன் செய்யுங்கள். அதை மகளையே செய்யச் சொல்லுங்கள். திரையில் என்ன வந்தது என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள் அக்கா, காத்திருக்கிறேன்.